சென்னைப் புழுக்கத்தில் ஃபாண்டன்ட் கேக்

பிறந்தநாளுக்குக் கேக்கும் தோரணமும் வீட்டிலேயே செய்யலாம் என்று நீங்கள் எழுதியதற்கு மிக்க நன்றி. ஆனால் ஃபாண்டன்ட் என்ற சர்க்கரை மாவில் செய்த பொம்மைகளை முந்தின நாளே கேக்கில் ஒட்டி ஃப்ரிட்ஜில் வைக்கச் சொல்வது சென்னைக்கு ஒத்துவராது. வெளியே எடுத்ததும் நம் கடற்கரைக் காற்றின் ஈரம் அதன் மேல் வியர்த்துவிடும். சர்க்கரை இளகிப் பிசுபிசுக்கும், கலரும் ஒழுகும். பொம்மைகளுக்கு, மாவை இறுகவைக்கும் சிஎம்சி பவுடர் கொஞ்சம் சேர்த்துப் பிசைந்து, ஃபேன் காற்றில் உலரவிட்டு, அட்டைப் பெட்டியில் வையுங்கள். கேக் வெட்டுவதற்குச் சற்று முன் மேலே வைத்தால் போதும். மொட்டை மாடியில் விழா என்றால், அதுவும் மே மாதத்தில், பட்டர் க்ரீம் 35 டிகிரியில் நிற்காது. கேக்கைக் கடைசியாக மேலே கொண்டுபோங்கள்.

அப்புறம், கேக்கில் தூவச் சொல்லியிருக்கும் அந்த மினுமினுப்புத் தூள். டப்பாவில் நச்சில்லாதது என்று மட்டும் போட்டிருந்தால் அது சாப்பிடுவதற்கானது ஆகாது. அப்படி விற்பதில் பிளாஸ்டிக் தூளும் உண்டு. உண்ணத்தக்கது என்ற குறிப்பும், என்னென்ன சேர்த்திருக்கிறார்கள் என்ற விவரமும் இல்லாவிட்டால் தயவுசெய்து வாங்காதீர்கள். சின்னக் குழந்தைகள் சாப்பிடுவது.

அலங்காரத்துக்கு நீங்கள் சொல்லும் தெர்மாகோல் எதற்கு? பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் விதவிதமான காகிதமும் அட்டையும் கிடைக்கிறது. குருத்தோலை இன்னும் அழகு. என் அத்தை அதில் கிளி மடிப்பார். மகள் பிறந்தநாளுக்கு வந்த பிள்ளைகள் அவரைச் சுற்றி உட்கார்ந்து கற்றுக்கொண்டு, ஆளுக்கொரு கிளியோடுதான் வீட்டுக்குப் போனார்கள்.