சின்னக் கார் வாங்கியவனை விட்டுவிடுங்கள் ஐயா

"இன்னும் கொஞ்சம் காசு போட்டிருந்தா பெரிய வண்டியே வந்திருக்குமே?" இதைக் கேட்காத ஆள் கிடையாது. சொந்தக்காரர் கேட்கிறார், அலுவலகத்தில் பக்கத்து இருக்கைக்காரர் கேட்கிறார், லிஃப்டில் கூட வரும் முன்பின் தெரியாத மனிதர்கூடக் கேட்கிறார். இவர்களில் ஒருவரும் எனக்காகக் கடன் தவணை கட்டப் போவதில்லை, ஒரு லிட்டர் பெட்ரோல் ஊற்றப் போவதில்லை, ஆனால் அக்கறை மட்டும் பொங்கி வழிகிறது. இன்னும் சிலர் கேட்பதுகூட இல்லை, வண்டியை மேலும் கீழும் பார்த்துவிட்டு "சரி விடுங்க, அடுத்தது பெருசா வாங்கிக்கலாம்" என்று ஆறுதல் சொல்கிறார்கள். எதற்கு ஆறுதல்? என் வீட்டில் என்ன இழவா விழுந்தது? பார்த்து, யோசித்து, அளந்து, சின்னதுதான் வேண்டும் என்றே வாங்கிய வண்டி ஐயா இது.

ஷோரூமிலேயே இந்தக் கூத்து ஆரம்பித்துவிட்டது. நான் ஒரு சின்ன ஹேட்ச்பேக்கைக் காட்டி விலை கேட்டால், விற்பனையாளர் அதன் கதவைக்கூடத் திறந்து காட்டாமல் பக்கத்தில் நிற்கும் எஸ்யூவியிடம் கூட்டிப்போகிறார். மாதத் தவணையில் கொஞ்சம்தான் வித்தியாசம் சார், தெருவில் போனால் ஒரு கெத்து இருக்கும் சார். அந்தக் 'கொஞ்சம்' எத்தனை வருடத்துக்கு என்று கேட்டால் பேச்சு உடனே சன்ரூஃபுக்குத் தாவிவிடுகிறது. நகரத்து நெரிசலில், ஏசியைப் போட்டு எல்லாக் கண்ணாடியையும் ஏற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற எனக்கு மேலே ஓட்டை எதற்கு?

ஒரு நாள் சிக்னலில் நிற்கும்போது சுற்றியுள்ள வண்டிகளுக்குள் எட்டிப் பாருங்கள். ஏழு பேர் உட்காரும் வண்டியில் ஒருவர், ஐந்து பேர் உட்காரும் வண்டியில் ஒருவர், அப்புறம் பின்சீட்டில் ஒரு லேப்டாப் பை. எழுபது கிலோ மனிதரை நகர்த்த 1,800 கிலோ இரும்பு, கணக்குப் போட்டால் ஆளைப்போல் இருபத்தைந்து மடங்குக்கும் மேல். தொள்ளாயிரம் கிலோ சின்னக் காரே பதின்மூன்று மடங்கு வருகிறது, அதுவே எனக்கு உறுத்தல்தான், ஆனால் பாதிக்குப் பாதி குறைகிறதே. நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் போகும்போது எஞ்சினின் பெரிய எதிரி காற்று. நகரத்தில் அப்படியில்லை, அங்கே எதிரி எடைதான். நின்று, கிளம்பி, இருபது மீட்டர் ஓடி, மறுபடி நிற்பதுதான் நகர ஓட்டம். ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் அந்த எடை முழுவதையும் தள்ளி வேகமெடுக்கப் பெட்ரோல் எரிகிறது, ஒவ்வொரு முறை பிரேக்கை மிதிக்கும்போதும் அப்படிச் சேர்த்த வேகமெல்லாம் பிரேக்கில் வெறும் சூடாகிப் போகிறது. பெட்ரோலும் மின்சாரமும் சேர்ந்து ஓட்டும் ஹைபிரிட், மின்சார வண்டிகள் அதில் ஒரு பங்கைத் திரும்பப் பிடித்து பேட்டரியில் போடும், மற்றவற்றில் அத்தனையும் வீண். பெரிய எஞ்சின் சும்மா நிற்கும்போதும் பொதுவாகக் கூடுதலாகத்தான் குடிக்கும். இதெல்லாம் பள்ளிக்கூட இயற்பியல், ஆனாலும் மூணு டன் கனவோடு திரிகிறவரிடம் பேசிப் பயனில்லை.

டயர், பிரேக் பேடு, சர்வீஸ், இன்ஷூரன்ஸ் எல்லாம் பெரும்பாலும் மலிவு என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான், அதை விடுங்கள். என் ரத்தம் கொதிப்பது பார்க்கிங்கில்.

இரண்டு கோடுகளுக்கு நடுவே 2.4 மீட்டர் இருக்கிறது என்று வையுங்கள், பல வாகன நிறுத்தங்களில் ஏறக்குறைய அவ்வளவுதான் இருக்கும். 1.6 மீட்டர் அகல வண்டியை நடுவில் நிறுத்தினால் இருபக்கமும் 40 சென்டிமீட்டர் மிச்சம், பக்கத்தில் இருப்பவரும் ஒழுங்காக நிறுத்தியிருந்தால் தாராளமாக இறங்கலாம். 1.9 மீட்டர் வண்டிக்கு 25 சென்டிமீட்டர்தான் மிச்சம், அதுவும் கண்ணாடிகளைக் கணக்கில் சேர்க்காமல். அப்புறம் அந்த ஓட்டுநர் தான் இறங்கத் தோதாக இந்தப் பக்கம் ஒட்டி, கோட்டின் மேலேயே சக்கரத்தை ஏற்றி நிறுத்துகிறார். வாங்கியது அவர், வயிற்றை எக்கிக்கொண்டு கதவிடுக்கில் நெளிந்து என் சொந்தக் காருக்குள் நுழைவது நான்! "உங்க வண்டி சின்னதுதானே, தள்ளிப் போட்டா என்ன?" என்று கேட்டாரே ஒருவர். சின்னதாக வாங்கியது என் வசதிக்கு, அவர் வழிந்து ஊற்றுவதற்கு நான் பாத்திரம் பிடிக்கவா?

வண்டிகள் உண்மையிலேயே ஊதிக்கொண்டேதான் போகின்றன, என் எரிச்சலுக்குத் தெரியும் பிரமை இல்லை. 1974இல் வந்த முதல் ஃபோக்ஸ்வேகன் கோல்ஃபின் அகலம் 1.61 மீட்டர், அதே பெயரில் வந்த எட்டாம் தலைமுறை 1.79 மீட்டர். மினியின் கதை இன்னும் வயிற்றெரிச்சல். 1956இல் சூயஸ் கால்வாய் நெருக்கடியால் பிரிட்டனில் பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு வந்தபோது, குறைவாகக் குடிக்கும் சின்ன வண்டி வேண்டும் என்று கம்பெனி கேட்டு, பொறியாளர் அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து, 1959இல் வெளிவந்த வண்டி அது. நீளம் மூன்று மீட்டரும் சொச்சமும்தான். எஞ்சினைக் குறுக்காகத் திருப்பி வைத்தார், கியர்பெட்டியை அதன் அடியிலேயே தள்ளினார், சின்னஞ்சிறு சக்கரங்களை நான்கு மூலைக்கும் ஒதுக்கினார், வண்டியின் தரைப்பரப்பில் ஏறத்தாழ 80 சதவீதம் ஆட்களுக்கும் பெட்டிகளுக்கும் கிடைத்தது. நான்கு பெரியவர்கள் உட்காரலாம். மூளையைச் செலவழித்தால் இரும்பை மிச்சம் பிடிக்கலாம் என்று காட்டிய மனிதர். இன்றைக்கு அதே மினி பெயரில் விற்கும் கன்ட்ரிமேன் 4.4 மீட்டரைத் தாண்டி நிற்கிறது. மினியாம்!

ஜப்பானில் கெய் கார் என்று ஒரு வகை இருக்கிறது, நீளம் 3.4 மீட்டருக்கும் அகலம் 1.48 மீட்டருக்கும் எஞ்சின் 660 சிசிக்கும் மேல் போகக்கூடாது என்று சட்டமே போட்டுவைத்திருக்கிறார்கள். அதற்குள் பெட்டி மாதிரி உயரமாகக் கட்டி, சறுக்குக் கதவு வைத்து, சைக்கிளை ஏற்றும் அளவுக்கு இடம் எடுத்துவிடுகிறார்கள். எல்லை போட்டால்தான் சாமர்த்தியம் வரும்போலிருக்கிறது.

"ஆனா பாதுகாப்பு?" இதுதான் அடுத்த அஸ்திரம். இதை மட்டும் நான் உதறித் தள்ள மாட்டேன். கனமான வண்டியும் லேசான வண்டியும் நேருக்கு நேர் மோதினால் லேசான வண்டியில் இருப்பவருக்குத்தான் அடி அதிகம், இயற்பியல் யாருக்காகவும் வளையாது. சரி, அதனால் நானும் கனமாக வாங்க வேண்டும், என்னைப் பார்த்து அடுத்தவர் இன்னும் கனமாக வாங்க வேண்டும், கடைசியில் நடந்து போகிறவரும் சைக்கிளில் போகிறவரும் எதை வாங்குவார்கள்? அமெரிக்காவின் சாலைப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான ஐஐஎச்எஸ் 2023இல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். பானட்டின் முன்விளிம்பு 40 அங்குலத்துக்கு மேல் உயர்ந்த வண்டிகள் நடப்பவர்மீது மோதினால், 30 அங்குலத்துக்குள் தாழ்ந்து சரிந்த முகப்புள்ள கார்களைவிட உயிர்ச்சேதத்துக்கான வாய்ப்பு ஏறத்தாழ 45 சதவீதம் அதிகம். போதாததற்கு அந்த உயர்ந்த மூக்குக்கு முன்னால் ஒரு சின்னக் குழந்தை நின்றால் ஓட்டுகிறவருக்குத் தெரியவே தெரியாது. "எனக்குப் பாதுகாப்பு" என்று மார்தட்டும்போது அந்தப் பாதுகாப்புக்கான விலையை யார் கட்டுகிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கம்பெனிகள்மேல் எனக்கு இருக்கும் கோபம் தனி. சின்னக் காரின் அடிப்படை மாடலில் கண்ணுக்குத் தெரிகிற தொடுதிரையை மாட்டிவிட்டு, கூடுதல் ஏர்பேக், வண்டி வழுக்காமல் பிடிக்கும் ஈஎஸ்சி மாதிரியான சமாச்சாரத்தை உச்ச மாடலுக்கு ஒதுக்கிவைப்பதை எத்தனை இடத்தில் பார்த்தாயிற்று, அதையும் செய்துவிட்டு "சின்ன வண்டி பாதுகாப்பில்லை சார், அதுக்கு மேல பாருங்க" என்று சொல்ல வாய் கூசாதா? இப்போது ஒரேயடியாகக் கடையைக் கட்டுகிறார்கள். ஃபோர்டு ஃபியஸ்டா 2023இல் நின்றது, அதே வருடம் ஃபோக்ஸ்வேகன் அப் நின்றது, ஏழு மீட்டருக்கும் குறைவான வட்டத்தில் திரும்பிய ஸ்மார்ட் ஃபார்டூ 2024இல் போயிற்று. கேட்டால் மக்கள் விரும்பவில்லை என்பார்கள். 2023இல் உலகம் முழுக்க விற்ற கார்களில் 48 சதவீதம் எஸ்யூவிதான் என்கிறது சர்வதேச எரிசக்தி முகமை. ஷோரூமில் சின்னதை மூலையில் நிறுத்தி, விளம்பரத்தில் அதைக் காட்டவே காட்டாமல் இருந்தால் விருப்பம் எப்படி வரும்? புகைக் கட்டுப்பாட்டுக் கருவிக்கும் பாதுகாப்புக் கருவிக்கும் சின்ன வண்டியிலும் கிட்டத்தட்ட அதே செலவு ஆகிறது, விலையை மட்டும் அந்த அளவுக்கு ஏற்ற முடியாது, அதனால் லாபம் ஒல்லி. இதை நேராகச் சொல்லிவிட்டுப் போகலாமே, பழியை ஏன் நம்மேல் போடுகிறீர்கள்?

எல்லோரும் என் வண்டியையே வாங்குங்கள் என்று நான் சொல்லவில்லை. வீட்டில் ஆறு பேர், சக்கர நாற்காலி ஏற்ற வேண்டும், தினமும் கரடுமுரடான பாதை, இப்படி இருந்தால் பெரியது வாங்குங்கள், உங்களோடு எனக்குச் சண்டையில்லை. நான்கு பேரும் பெட்டிகளும் ஏறி, ஏசியும் ஓடி, மலைச்சாலையில் ஏறும்போது என் வண்டி மூச்சு வாங்கத்தான் செய்கிறது, கியரை இறக்கி இறக்கி ஓட்டுகிறேன். ஆனால் அந்தப் பயணம் வருடத்தில் எத்தனை நாள் வருகிறது? அந்த நாளுக்குப் பெரிய வண்டியை வாடகைக்கு எடுத்துவிட்டுப் போகலாம். அபூர்வமாக வரும் நாலு பயணத்துக்காக மிச்ச நாளெல்லாம் சந்து சந்தாக ஒரு கப்பலை இழுத்துக்கொண்டு அலைய என்னால் ஆகாது.

2024 பிப்ரவரியில் பாரிஸில் இதற்கு ஒரு வாக்கெடுப்பு நடந்தது. வெளியிலிருந்து வரும் கனமான வண்டிகளுக்கு நிறுத்தக் கட்டணத்தை மூன்று மடங்காக்கலாமா என்று கேட்டார்கள், ஆகட்டும் என்ற பக்கம் ஜெயித்தது. படித்தபோது எனக்கு ஒரே குஷி. அப்புறம்தான் பார்த்தேன், ஓட்டுப் போட வந்தவர்களே ஆறு சதவீதத்துக்கும் குறைவு, அதிலும் அங்கேயே குடியிருப்பவர்கள் தங்கள் பகுதியில் நிறுத்தினால் அந்தக் கட்டணம் கிடையாதாம். அங்கேயும் உள்ளூர்க்காரருக்குக் கோட்டின் மேல் சக்கரத்தை ஏற்ற இலவசம்தான்.