931 ஜிபி காட்டினால் போலி என்று அர்த்தமில்லை

பேக்கப்புக்கு வாங்கிய 1 டிபி எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் விண்டோஸில் 931 ஜிபி என்று காட்டினால் அது போலி, உடனே திருப்பி அனுப்புங்கள் என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார், சிலர் ஆமாம் போட்டிருக்கிறார்கள். அப்படி இல்லைங்க. தயாரிப்பாளர்கள் 1 டிபி என்பதை ஒரு லட்சம் கோடி பைட் என்று கணக்கிடுகிறார்கள், விண்டோஸோ ஒரு ஜிபிக்கு 1,07,37,41,824 பைட் என்று வைத்து வகுக்கிறது, கால்குலேட்டரில் போட்டுப் பாருங்கள், 931தான் வரும். எதுவும் குறையவில்லை.

டிரைவை ரைட் கிளிக் செய்து பிராப்பர்டீஸ் திறந்தால் மொத்த பைட் எண்ணிக்கையே இருக்கும், கிட்டத்தட்ட ஒரு லட்சம் கோடி. அதே டிரைவை மேக்கில் மாட்டினால் 1 டிபி என்றே காட்டும், 2009-இல் வந்த ஸ்னோ லெப்பர்ட் என்ற மேக் இயங்குதளப் பதிப்பிலிருந்து ஆப்பிள் பத்தின் மடங்கில்தான் எண்ணுகிறது.

சொல்லப்போனால் போலி டிரைவ்தான் லேபிளில் ஒட்டியிருக்கும் அளவைக் கூசாமல் காட்டும், ஏனென்றால் உள்ளே இருக்கும் கன்ட்ரோலரையே (டிரைவை இயக்கும் சிப்) பொய் சொல்லும்படி மாற்றியிருப்பார்கள் (அடிமாட்டு விலைக்கு 16 டிபி என்று வருகிறதே, அந்த ரகம்). அதனால் திரையில் தெரியும் எண்ணை வைத்து முடிவு செய்யாதீர்கள். உண்மையான அளவைச் சோதிக்க, விண்டோஸ் என்றால் எச்2டெஸ்ட்டபிள்யூ (H2testw), லினக்ஸ் அல்லது மேக் என்றால் எஃப்3 (F3) என்ற மென்பொருளை ஓட்டுங்கள், இரண்டும் இலவசம். டிரைவ் முழுக்க எழுதி, திரும்பப் படித்து, எழுதியது அப்படியே இருக்கிறதா என்று பார்க்கும். பல மணி நேரம் ஆகும், ராத்திரி ஓடவிட்டுத் தூங்கப் போங்கள். அப்புறம், ஃபைல்களை ஏற்றுவதற்கு முன்னால், டிரைவ் காலியாக இருக்கும்போதே இதைச் செய்துவிடுங்கள்.