ஏரியைத் தேடினால் சேலையின் நிறம்

பெங்களூருக்குப் பேராறு கிடையாது. மேட்டு ஏரி நிரம்பினால் மிகுநீர் ராஜகாலுவே எனப்படும் பெரிய கால்வாய் வழியாக அடுத்த ஏரிக்கு இறங்கும்படி அமைத்த தொடரை நம்பித்தான் இந்த ஊர் தலைமுறைகளாகத் தண்ணீர் குடித்தது. மகளின் பள்ளிக் கட்டுரைக்காக, அல்சூர் வீட்டுக் கூடத்தில் அமர்ந்து ஓர் இணையக் கலைக்களஞ்சியத்தைத் திறந்தேன். சாங்கி ஏரி 1882இல் நகரின் தண்ணீர்த் தேவைக்காகக் கட்டப்பட்டது என்பது போன்ற தெளிவான செய்தியைத்தான் எதிர்பார்த்தேன்.

நாங்கள் தேடிய ஏரியை வெட்டியவர் யார், உபரிநீர் எங்கே போகிறது என்பதெல்லாம் இரண்டே வரிகளில் முடிந்துவிட்டன. அதற்குக் கீழே, அங்கே படமாக்கிய பாடல் காட்சியில் நாயகி உடுத்தியிருந்த சேலை மஞ்சள் நிறம் என்பதற்கும், கிழக்கு வாயிலில் அவித்த வேர்க்கடலை விற்பவர் செவ்வாய்க்கிழமை வருவதில்லை என்பதற்கும் முழுப் பத்தி ஒன்று ஒதுக்கப்பட்டிருந்தது. (கடலைக்காரரின் விடுமுறைக்குச் ‘சான்று தேவை’ என்று வேறு ஒருவர் குறித்திருந்தார்!)

சம்பளமில்லாமல் எழுதுகிறவர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லைதான். துணுக்குகளைத் தனிப் பகுதியாகக் குவிக்க வேண்டாமென்று ஆங்கில விக்கிப்பீடியாவின் நடைக் கையேடே அறிவுறுத்துகிறது. ஆனால் யார் கேட்கிறார்கள்? ஒருவர் நீக்குவதை மற்றவர் மறுநாளே திரும்பச் சேர்க்கிறார். திருத்த வரலாற்றைப் பார்த்தபோது அந்த மஞ்சள் சேலை நான்கு முறை போய், நான்கு முறையும் திரும்பி வந்திருந்தது. மகளோ கடலைக்காரரை மட்டும் மறக்காமல் தன் கட்டுரையில் சேர்த்துவிட்டாள்.