மேடை நடிப்பைக் காப்பாற்றி வைத்த ஊமைப் படங்கள்

ஷேக்ஸ்பியர் நாடகத்தை வசனம் இல்லாமல் எடுத்தால் அதில் என்ன மிஞ்சும்? ஊமைப் படங்களைப் பற்றிப் பேச்செடுத்தாலே காரைக்குடி நண்பர்கள் இதைத்தான் கேட்கிறார்கள். நடிப்பு மிஞ்சும். விடிய விடிய நாடகம் பார்த்து வளர்ந்த செட்டிநாட்டுக்காரர்களுக்கு அதன் மதிப்பு தெரியாமல் போகலாமா?

1899-இல் ஹெர்பர்ட் பீர்போம் ட்ரீ, லண்டன் மேடையில் தாம் நடித்த ‘கிங் ஜான்’ நாடகத்தின் சில காட்சிகளைக் கேமரா முன் நடித்துக் காட்டினார். ஷேக்ஸ்பியர் திரைக்கு வந்தது அப்போதுதான். இன்று எஞ்சியிருப்பது அரசன் சாகும் காட்சி மட்டும். வெள்ளை அங்கியுடன் நாற்காலியில் கிடந்து நெளிகிறார். கைகள் நெஞ்சைப் பற்றுகின்றன, உடம்பு முறுக்கிக்கொள்கிறது. கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவனுக்கும் அந்த வேதனை போய்ச் சேர வேண்டும் என்று நடித்த நடிப்பு அது. மிகை என்று சிரிப்பவர்கள் மீது எனக்குக் கோபமே வருகிறது. மைக் இல்லாத காலத்து மேடை அப்படித்தான் இருந்தது. அதற்குக் கண்கண்ட சாட்சி இந்தப் படச்சுருள்தான்.

1908-இல் ஷேக்ஸ்பியரின் ‘டெம்பஸ்ட்’ நாடகத்தைப் பன்னிரண்டு நிமிடத்தில் முடித்துவிட்டார்கள். கதை தெரிந்தவர்களை நம்பி எடுத்த படம். புரவியெடுப்புத் திருவிழாவுக்கு வள்ளி திருமணம் நாடகம் வைத்தால் நாம் கதை கேட்கவா போகிறோம்? இன்றைய ராஜபார்ட், அதாவது கதாநாயக வேடக்காரர், எப்படிப் பாடுகிறார், வள்ளி எப்படி மடக்குகிறாள் என்று பார்க்கத்தானே பாய் விரிக்கிறோம்!

ஆங்கில மேடை நடிகர் ஃபோர்ப்ஸ் ராபர்ட்சன் 1913-இல், தம் அறுபதாவது வயதில், ஹாம்லெட்டாகப் படத்தில் நடித்தார். மேடையிலிருந்து விடைபெறும் நேரம். குரல் பதிவாகாது என்று தெரிந்தும் வசனத்தை விடாமல் பேசுகிறார். உதடுகள் அசைவதைப் பார்க்கலாம். டென்மார்க் நடிகை ஆஸ்டா நீல்சன் 1921-இல் ஹாம்லெட்டை ஆண் வேடத்தில் வளர்க்கப்பட்ட பெண்ணாகவே மாற்றி நடித்தார். படம் என்ற வகையில் அதுதான் உயர்ந்தது. ஆனால் ஒரு மேடைக் கலைஞரை நேரில் பார்த்த நிறைவை எனக்குத் தருவது ராபர்ட்சன்தான்.

நம் பக்கம் என்ன மிஞ்சியது? பால்கேயின் ‘ராஜா ஹரிச்சந்திரா’ 1913-இல் வந்தது. தாராமதியாக நடித்தவர் சாளுங்கே என்ற ஆண், பெண் வேடம் கட்டிய நம் பழைய ஸ்திரீபார்ட் நடிகர்கள் போலவே. அதில் கொஞ்சமாவது கிடைக்கிறது. சென்னையில் நடராஜ முதலியார் எடுத்த ‘கீசக வதம்’ அடியோடு போய்விட்டது. நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1922 வரை வாழ்ந்தவர். அவர் பழக்கிய பையன்கள் அன்று நடித்ததை நினைவுக் குறிப்புகளில் படிக்கத்தான் முடிகிறது.

திருவிழாக் குழுவினரே, நாடகத்தைப் பதிவு செய்ய வரும் வீடியோக்காரரிடம் ஒரு கேமராவையாவது மேடைக்கு நேர் எதிரே ஸ்டாண்டில் நிறுத்தச் சொல்லுங்கள். ஆர்மோனியக்காரர், மிருதங்கக்காரர், நடிகரின் பாதம் வரை எல்லாம் படச் சட்டகத்துக்குள் இருக்கட்டும். பபூன் வருவதிலிருந்து மங்களம் வரை அதை அசைக்க வேண்டாம், வெட்டவும் வேண்டாம். மற்ற கேமராக்கள் முகத்தையும் கூட்டத்தையும் எடுத்துக்கொள்ளட்டும். வெட்டாத பிரதி ஒன்று நடித்தவர்கள் கைக்கும் போக வேண்டும். அந்தச் செலவை நன்கொடைக் கணக்கிலேயே சேர்த்துவிடுங்கள்.