ஜீன் டெஸ்ட் நார்மல் என்றால் வால்புரோயேட் என்ற வலிப்பு மருந்தால் கல்லீரலுக்கு ஆபத்தே இல்லையா?

"ஜீன் டெஸ்ட் நார்மல்னு வந்துட்டா, வால்புரோயேட் குழந்தையோட கல்லீரலைத் தொடவே தொடாது" என்று உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து இதைத் திருத்துங்கள். நம்பி அசந்துவிடும் பெற்றோர் இருப்பார்கள்.

பாதி சரிதான். செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவின் டிஎன்ஏவைப் படியெடுக்கும் நொதிக்கான மரபணு பிஓஎல்ஜி; அந்த டெஸ்ட் பார்ப்பது இதைத்தான். அதில் நோய் தரும் கோளாறு இருந்தால் இந்த வலிப்பு மருந்து கல்லீரலையே செயலிழக்க வைக்கலாம். அந்த நோய் இருப்பவர்களுக்கு இதைக் கொடுக்கவே கூடாது, 2 வயதுக்குட்பட்டவர்களுக்கு மைட்டோகாண்ட்ரியா நோய் என்ற சந்தேகம் இருந்தாலே கூடாது என்பது அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவின் எச்சரிக்கை.

ஆனால் பிஓஎல்ஜி மட்டுமே காரணம் அல்லவே! 2 வயதுக்குக் குறைவு, கூடவே வேறு வலிப்பு மருந்துகள், பிறவி வளர்சிதைமாற்றக் குறைபாடு, இவையும் ஆபத்தைக் கூட்டும்.

ஆபத்தான மரபணு வகை இருந்தாலே பாதிப்பு நிச்சயம் என்பதும் தவறு. புளூகுளோக்சசிலின் என்ற ஆன்டிபயாட்டிக்கை எடுங்கள். எச்எல்ஏ-பி*57:01 என்ற மரபணு வகை உள்ளவர்களுக்கு அதனால் கல்லீரல் பாதிக்கும் வாய்ப்பு சுமார் 80 மடங்கு என்று 2009-இல் கண்டார்கள். ஆனாலும் அந்த வகை உள்ளவர்கள் மருந்தை எடுத்தால், 500 முதல் 1000 பேரில் ஒருவருக்குத்தான் பாதிப்பு வருகிறது.

ரிப்போர்ட்டை விடக் குழந்தையைப் பாருங்கள், முக்கியமாக மருந்து தொடங்கிய முதல் 6 மாதம். சாப்பிட மறுப்பது, திரும்பத் திரும்ப வாந்தி, சோர்ந்து கிடப்பது, முகம் வீங்குவது, அடங்கியிருந்த வலிப்பு மறுபடி வருவது: எது தெரிந்தாலும் அன்றே டாக்டரிடம் காட்டுங்கள். மஞ்சள் காமாலை தெரியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். பயந்துபோய் மருந்தை நீங்களாகச் சட்டென்று நிறுத்தவும் வேண்டாம், விடாத வலிப்பு வந்துவிடலாம்.