ஆன்டெனா எங்கே இருக்கிறது, காட்டுங்கள்

ஞாயிற்றுக்கிழமை நடந்த மரியோ கார்ட் (நின்டெண்டோவின் ரேசிங் வீடியோ கேம்) போட்டி விஷயம்தான். நான் ஓட்டியதைக் கிண்டல் செய்து போட்ட வீடியோவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள், அதனால் முழுக் கதையையும் மறுபடி சொல்லப் போவதில்லை. நாலைந்து பேர் வாட்ஸப்பில் அனுப்பி "ப்ரோ, இது நீங்கதானே?" என்று கேட்டார்கள். ஆமாம், நான்தான். வலது முழங்கையைக் காது வரைக்கும் தூக்கிக்கொண்டு, நாக்கைத் துருத்திக்கொண்டு, உடம்போடு சேர்த்துக் கன்ட்ரோலரைத் திருப்புகிற அந்த நீலச் சட்டைக்காரன் நானேதான்.

மூன்று நாள் பேசாமல் இருந்தேன். "விடு மச்சி, ஜாலிக்குத்தானே" என்றார்கள். நானும் விட்டுவிட்டேன். ஆனால் நேற்று அந்த வீடியோவுக்குக் கீழே ஒருவர் "அசிஸ்ட் போட்டு ஓட்டறவங்களை எல்லாம் ஏன்பா உள்ள விடறீங்க" என்று எழுதியிருக்கிறார். அதற்கு ஹாஹா போட்டவர்களில் போட்டியை நடத்தியவரும் ஒருவர். அங்கேதான் எனக்குப் பொறுக்கவில்லை.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். டில்ட் என்றால் கன்ட்ரோலரைச் சாய்த்து வண்டியைத் திருப்புவது. அசிஸ்ட் என்றால் கேமே நமக்கு உதவி செய்து ஓட்டுவது. டில்ட் அசிஸ்ட் இல்லை. நாம் ஆடிய மரியோ கார்ட் 8 டீலக்ஸ் 2017-ல் வந்தது. இத்தனை வருடமாக ஆடுகிறவர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியிருப்பதே கொடுமை. வண்டி தேர்ந்தெடுக்கும் திரையில் ப்ளஸ் பட்டனை அழுத்திப் பாருங்கள். ஸ்மார்ட் ஸ்டீயரிங் தனி. டில்ட் தனி. ஆட்டோ ஆக்ஸிலரேட் தனி. ஒன்றைப் போட்டால் இன்னொன்று தானாக வராது. ஸ்மார்ட் ஸ்டீயரிங் போட்டிருந்தால் கார்ட்டின் பின்னால் குட்டியாக ஒரு ஆன்டெனா முளைத்திருக்கும். அதுதான் உங்களைப் பாதையை விட்டு விழாமல் பிடித்துக்கொள்வது. டில்ட் உங்களை எதிலிருந்தும் பிடித்துக்கொள்ளாது. கட்டைவிரலால் ஸ்டிக்கைத் தள்ளுவதற்குப் பதிலாகக் கையைச் சாய்க்கிறீர்கள், அவ்வளவுதான்.

இப்போது அந்த வீடியோவையே போட்டு, என் வண்டியின் பின்பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். ஆன்டெனா எங்கே இருக்கிறது, காட்டுங்கள். அதே வீடியோவில் நான் ரெயின்போ ரோடு டிராக்கில் இரண்டு தடவை கீழே விழுகிறேன். நீங்கள்தானே அதை ஸ்லோ மோஷனில் போட்டு, சோகப் பாட்டு வேறு சேர்த்தீர்கள்? அசிஸ்ட் போட்டவன் எதற்கப்பா அப்படி விழப் போகிறான்? என்னைக் கிண்டல் செய்ய நீங்கள் எடுத்த வீடியோதான் எனக்கு இருக்கிற ஒரே சாட்சி. இரண்டு தடவை விழுந்தும் அந்த ரவுண்டில் நான் இரண்டாவது வந்தேன் என்பதை எடிட்டில் வெட்டியவர் யாரென்றும் எனக்குத் தெரியும். பெயர் சொல்ல மாட்டேன்.

அப்புறம்தான் "டில்ட்டை ஆஃப் பண்ணுங்க, இது சீரியஸ் டோர்னமென்ட்" என்றார்கள். ஆஃப் பண்ணினேன். ஸ்டிக்கில் ஓட்டினேன். நாலு பேரில் நாலாவது. சந்தோஷம்தானே?

டில்ட் எப்படி வேலை செய்கிறது என்பதே சிரித்தவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. 2006-ல் வந்த நின்டெண்டோவின் வீ (Wii) கன்சோல் ரிமோட்டுக்குள் இருந்தது ஒரு ஆக்ஸிலரோமீட்டர். பூமி எந்தப் பக்கம் இழுக்கிறது என்று அதற்குத் தெரியும். ரிமோட்டை இடப்பக்கம் சாய்த்தால் அந்த இழுப்பின் திசை மாறும், அதை வைத்துக் கோணத்தைக் கணக்குப் போடும். அதனால்தான் ரிமோட்டைச் சொருகுகிற வீ வீலை முகத்துக்கு நேராக நிமிர்த்திப் பிடிக்கச் சொன்னார்கள். தாம்பாளம் மாதிரி படுக்கையாகப் பிடித்துத் திருப்பினால் பூமியின் இழுப்பில் ஒரு மாற்றமும் இருக்காது, ரிமோட்டுக்கு நீங்கள் திருப்பியதே தெரியாது. நிறைய பேர் "இது வேலையே செய்யலை" என்று தூக்கிப் போட்டது இப்படிப் பிடித்துத்தான். கைரோ, அதாவது திரும்பும் வேகத்தை அளக்கிற சென்சார், பின்னால் வந்தது, 2009-ல் ரிமோட்டில் மாட்டுகிற மோஷன்ப்ளஸ்ஸோடு. இப்போது நின்டெண்டோ ஸ்விட்ச், பிஎஸ்5 கன்ட்ரோலர்களில் இரண்டும் இருக்கின்றன, ஒன்றின் தப்பை இன்னொன்று திருத்துகிறது.

2008-ல் மரியோ கார்ட் வீ வந்தபோது பெட்டிக்குள்ளேயே அந்த வெள்ளை வீலை வைத்துக் கொடுத்தார்கள். அதற்குள் ஒரு வயர்கூடக் கிடையாது, ரிமோட்டைச் சொருகிக்கொள்ள ஒரு பிளாஸ்டிக் கூடு. ஆனால் அப்போது ஆன்லைனில் விடாமல் வீலிலேயே ஓட்டியவர்களின் பெயருக்குப் பக்கத்தில் தங்க நிறத்தில் ஒரு வீல் படம் வந்தது. கேம் செய்தவர்களே மரியாதை கொடுத்தார்கள்! நீங்கள் ஹாஹா கொடுக்கிறீர்கள்.

என் முதல் வீ, சிங்கப்பூரில் இருக்கிற அத்தை பையன் 2009-ல் கொண்டுவந்தது. அதற்கு முன்னால் எனக்கு ரேசிங் என்றால் காந்திபுரத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் நீட் ஃபார் ஸ்பீட் மோஸ்ட் வாண்டட், அம்புக்குறி சாவிகளில். இடது என்றால் முழு இடது, வலது என்றால் முழு வலது, நடுவில் ஒன்றுமே கிடையாது. அப்படி ஓட்டிக்கொண்டிருந்தவன் கையில் அந்த வீல் வந்ததும் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். லேசாகச் சாய்த்தால் லேசாகத் திரும்புகிறது!

என் அப்பா இருபத்தேழு வருடம் டவுன் பஸ் ஓட்டியவர். அதுவரை நான் ஆடுவதைத் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. வீலைப் பார்த்ததும் "குடு இங்க" என்றார். மூ மூ மெடோஸ் டிராக். உங்களுக்குத் தெரியும், பாதையில் மாடு திரியும். முதல் மாட்டைப் பார்த்ததும் அப்பா வண்டியை நிறுத்திவிட்டார். பதினொரு கார்ட்டும் தாண்டிப் போகின்றன. "ஏம்ப்பா நிறுத்தினீங்க?" என்றால், "மாடு குறுக்க வருதில்ல" என்கிறார். மாடு போன பிறகுதான் எடுத்தார். வளைவு வந்ததும் பஸ் பழக்கத்தில் கைமேல் கைபோட்டு வீலை முழு வட்டமாகச் சுற்றினார், கார்ட் வேலியில் போய்ச் சொருகிக்கொண்டது. பன்னிரண்டாவது இடம். வீலைக் கீழே வைத்துவிட்டு "கையில கனமே இல்லையேடா, காத்தைப் புடிச்சுத் திருப்பற மாதிரி இருக்கு" என்றார்.

இது என் கட்சிக்கு எதிரான சாட்சி என்று எனக்கும் தெரிகிறது. கனம் இல்லைதான். லாஜிடெக் ஜி29 மாதிரி ஃபோர்ஸ் ஃபீட்பேக் வீல் 900 டிகிரி சுற்றும், டயர் வழுக்குவதைக் கையில் சொல்லும். டில்ட்டில் அது வராது. நான் மறுக்கவில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அப்பா ஸ்டிக் கன்ட்ரோலரைக் கையில் வாங்கக்கூட இல்லை. வீலை அவரே கேட்டு வாங்கினார்.

"அப்படின்னா நிஜ வீல் வாங்க வேண்டியதுதானே?" என்று ஒருவர் கேட்பார். வாங்கலாம். வைக்க மேசை, பெடல் நகராமல் இருக்கச் சுவர், வீட்டில் திட்டாத மனைவி எல்லாவற்றையும் நீங்களே சேர்த்து அனுப்பினால் நாளைக்கே வாங்குகிறேன்.

"டில்ட்டில் லேக் இருக்கும்." இருக்கலாம். அந்தத் தாமதம் எனக்குத் தெரிந்ததில்லை. அடுத்தது.

"ஸ்டிக்தான் ஸ்கில்." இதற்குக் கொஞ்சம் உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதுதான் எனக்கு அதிகமாக வலித்தது. ஸ்டிக் நடுவிலிருந்து ஓரத்துக்குப் போகிற தூரம் கட்டைவிரல் நகத்தளவு. அந்தத் தூரத்துக்குள் ஒரு காரின் முழு ஸ்டீயரிங்கையும் அடக்க வேண்டும். 250 கிலோமீட்டர் வேகத்தில் நீங்கள் ஸ்டிக்கை ஓரம் வரை தட்டினால் நிஜத்தில் கார் என்ன ஆகும்? உருளும். கேமில் ஏன் உருளவில்லை? பல ரேசிங் கேம்கள் ஸ்டிக்கில் ஓட்டுகிறவருக்காக வேகம் கூடக் கூட டயர் திரும்பும் அளவைக் குறைத்துவிடுகின்றன, விரலின் வெடுக்கென்ற அசைவை வழவழப்பாக்கி விடுகின்றன. உங்களுக்குத் தெரியாமலேயே, ஒரு ஆன்டெனாவும் முளைக்காமல், உங்களுக்கும் அசிஸ்ட் ஓடிக்கொண்டிருக்கிறது ராசா. உங்களுடையது ஸ்கில், என்னுடையது அசிஸ்ட். நல்ல நியாயம்.

எக்ஸ்பாக்ஸில் ஃபோர்ஸா ரேசிங் ஆடுகிற நண்பர்கள்தான் அதிகம் சிரித்தார்கள். அவர்களை நான் குறை சொல்லவில்லை, அந்தக் கன்ட்ரோலரில் கைரோவே கிடையாது, பழக்கமில்லாத ஒன்றைப் பார்த்தால் சிரிப்பு வரத்தான் செய்யும். ஆனால் பிளேஸ்டேஷனில் கிரான் டூரிஸ்மோ 7 வைத்திருக்கிறவர் சிரித்ததுதான் ஆச்சரியம். சீரியஸ் கேம், சீரியஸ் கேம் என்று நீங்கள் சொல்கிற அதே கேமின் செட்டிங்ஸில் மோஷன் சென்சார் ஸ்டீயரிங் என்று ஒன்று இருக்கிறது அண்ணா. ஒரு தடவை போய்ப் பாருங்கள். குழந்தைகளுக்காக என்று அங்கே எங்கேயும் எழுதவில்லை.

எல்லா மோஷனுக்கும் நான் வக்காலத்து வாங்குகிறேன் என்று நினைக்காதீர்கள். எக்ஸ்பாக்ஸுக்குக் கினெக்ட் என்ற கேமரா வந்தபோது கையில் ஒன்றுமே இல்லாமல் காற்றில் வீல் பிடிக்கச் சொன்னார்கள். ஃபோர்ஸா 4-ல் அப்படி ஓட்டினால் ஆக்ஸிலரேட்டரும் பிரேக்கும் கேமே பார்த்துக்கொள்ளும். அதை அசிஸ்ட் என்று சொல்லுங்கள், நானும் சேர்ந்து சிரிக்கிறேன். இரண்டு நிமிடத்தில் தோள்பட்டை கழன்றுவிடும். டில்ட்டிலும் மரியோ கார்ட்டின் அதிவேகப் பிரிவான 200சிசி-யில் டிரிஃப்ட் நடுவே எதிர்ப்பக்கம் திருப்புவது எனக்கு இன்னும் கைகூடவில்லை. ஞாயிற்றுக்கிழமை 150சிசி-தான் வைத்தார்கள், அதனால் தப்பித்தேன்.

ஆனால் ஸ்ப்ளாட்டூன் என்ற மை சுடும் கேமை எடுத்துக்கொள்ளுங்கள். 2015-லிருந்து அதில் கைரோவால்தான் குறி பார்க்கிறார்கள், நன்றாக ஆடுகிறவர்கள் கைரோவை விட மாட்டேன் என்கிறார்கள். நம் குழுவிலேயே இரண்டு பேர் அப்படித்தான் ஆடுகிறார்கள், கன்ட்ரோலரைக் கொக்கு மாதிரி ஆட்டிக்கொண்டு. அவர்களை யாரும் வீடியோ எடுத்ததில்லை. குறி பார்க்கக் கையை அசைத்தால் கெத்து, வண்டி திருப்பக் கையை அசைத்தால் காமெடி. ஏன் என்று யாராவது ஒரு வரி எழுதுங்கள், படிக்கிறேன்.

எனக்குத் தெரிந்த காரணத்தை நானே சொல்கிறேன். டில்ட்டில் ஓட்டினால் உடம்பு சாயும். தெரியாமலே தோள் சாயும், முகம் கோணும். ஸ்டிக்கில் ஓட்டுகிறவர் சிலை மாதிரி உட்கார்ந்திருப்பார். பார்க்கிறவருக்கு சிலைதான் சீரியஸ். முப்பத்தாறு வயசு ஆள், பாதி வழுக்கை, சின்னப் பையன் மாதிரி உடம்பை வளைத்துச் சந்தோஷமாக இருப்பதைத்தான் நீங்கள் பார்த்துச் சிரித்தீர்கள். கன்ட்ரோலர் ஒரு சாக்கு.

அதுவும் பரவாயில்லை. நம் வாட்ஸப் குழுவை ஆரம்பித்தபோது ஆறு பேர்தான் இருந்தோம். முதல் ஸ்விட்ச் என்னுடையது. இங்கே அதிகாரப்பூர்வமாக விற்காததால், தெரிந்தவர் மூலமாகச் சொல்லிவைத்து வாங்கியது. அதில்தான் உங்களில் பலர் முதல் தடவை மரியோ கார்ட் ஆடினீர்கள், என் வீட்டு ஹாலில், என் அம்மா போட்ட போண்டாவைத் தின்றுகொண்டு. அன்றைக்கும் நான் டில்ட்டில்தான் ஓட்டினேன். அன்றைக்கு யாருக்கும் அது அசிஸ்ட் என்று தோன்றவில்லையே? இதை எழுதியிருக்க வேண்டாமோ. சரி, எழுதியாகிவிட்டது.

அண்ணன் மகளுக்கு ஒன்பது வயசு. ஸ்டீயரிங் பிடிக்க அவளுக்குக் கற்றுக்கொடுத்தது நான்தான், டில்ட்டில். வளைவில் அவளும் என்னை மாதிரியே நாக்கைத் துருத்துவாள். வீடியோ அண்ணியின் போனுக்கும் போயிருக்கிறது. நேற்று சாயங்காலம் ஆட உட்கார்ந்தபோது, நான் ஒன்றும் சொல்லாமலே ப்ளஸ்ஸை அழுத்தி டில்ட்டை ஆஃப் பண்ணினாள். ஏன் கண்ணு என்று கேட்டேன். "இல்ல சித்தப்பா, சும்மா" என்றாள். மூன்று ரேஸ் கையை அசைக்காமல் ஓட்டினாள். மூன்றிலும் சுவரில் போய் முட்டிக்கொண்டிருந்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். நோட்டீஸில் "அவரவர் கன்ட்ரோலரைக் கொண்டு வரவும்" என்றுதான் இருக்கிறது, எப்படிப் பிடிக்க வேண்டும் என்று ஒரு வார்த்தையும் இல்லை. விதி போடுவதென்றால் இப்போதே போடுங்கள், அங்கே வந்த பிறகு நடு ஆட்டத்தில் வேண்டாம். ரெயின்போ ரோடே வையுங்கள், விழுந்தால் விழுகிறேன்.

கமென்ட்டில் அந்த வீடியோவை மட்டும் மறுபடி போடாதீர்கள். பார்த்துவிட்டேன். பதினாலு தடவை.