குளிர்காலத்தில் வெயில் தேடிப் போகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது நிழலை

டிசம்பர், ஜனவரியில் வெயிலுக்காகக் கடற்கரை ரிசார்ட்டுக்குப் போய் மனசு ஒடிந்து திரும்புகிறவர்கள் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் சொல்கிறார்கள். வெயில் அடித்தது, ஆனால் நீச்சல் குளத்தில் கால் வைக்க முடியவில்லை. மூன்று மணிக்கெல்லாம் ஸ்வெட்டர் தேட வேண்டியிருந்தது. ரிசப்ஷனில் கேட்டால் "இது குளிர்காலம்தானே" என்கிறார்கள். அந்தக் கடைசிப் பதில்தான் எனக்கு ஆத்திரம் வரவைக்கிறது. குளிர்காலம் என்று தெரிந்துதானே அந்த வாரத்தை விற்றார்கள்? விற்கும்போது காட்டிய படம் மட்டும் கோடையில் எடுத்தது.

ஒரு வருடம் சேர்த்த லீவும் பணமும் அந்த ஏழு நாளில் போகிறது. அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். ஏமாற்றத்தில் பெரும்பங்கு வானிலையால் வருவதில்லை, கட்டடத்தாலும் குளத்தாலும் வருகிறது. இரண்டையும் புக் செய்வதற்கு முன்பே சோதித்துவிடலாம்.

முதலில் நிழல். ஸ்பெயினின் கேனரித் தீவுகளில் ஒன்றான டெனெரிஃப், எகிப்தில் செங்கடல் கரையிலுள்ள ஹுர்காடா போன்ற இடங்கள் ஏறக்குறைய 28 டிகிரி வட அட்சரேகையில் இருக்கின்றன. அங்கே ஜூன் மாத நண்பகலில் சூரியன் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேல். 25 மீட்டர் உயரமுள்ள எட்டு மாடி ஹோட்டலின் நிழல் சுமார் 2 மீட்டர்தான். டிசம்பர் கடைசியில் அதே நண்பகலில் சூரியன் 39 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். அதே கட்டடத்தின் நிழல் இப்போது வடக்கே 30 மீட்டர் நீளும். ஹுர்காடாவில் மாலை 3 மணிக்கு அது 65 மீட்டரைத் தொடும், 5 மணிக்குள் சூரியனே மறைந்துவிடும். குளம் கட்டடத்துக்கு வடக்கிலோ வடகிழக்கிலோ இருந்தால் மதியச் சாப்பாடு முடிந்து வரும்போது சாய்வு நாற்காலிகள் எல்லாம் நிழலில் கிடக்கும்.

இதைச் சோதிக்க ஐந்து நிமிடம் போதும். செயற்கைக்கோள் வரைபடத்தில் ஹோட்டலைத் திறந்து, வடக்கு மேலே இருக்கும்படி வையுங்கள். மாடிகளை எண்ணி மூன்றால் பெருக்கினால் உயரம் தோராயமாக மீட்டரில் வந்துவிடும். குளத்துக்குத் தெற்கிலும் தென்மேற்கிலும் அந்த உயரத்தைப் போல இரண்டரை மடங்கு தூரத்துக்குள் சுவர் எதுவும் இல்லையென்றால் பிற்பகல் வெயில் கிடைக்கும். நடுவில் குளம், சுற்றிலும் கட்டடம் என்ற அமைப்பு குளிர்காலத்துக்கு மோசம், படத்தில் எவ்வளவு அழகாகத் தெரிந்தாலும் சரி. பால்கனிக்கும் இதே கணக்குத்தான். வடக்குப் பார்த்த பால்கனியில் குளிர்காலம் முழுக்க வெயில் விழாது. எத்தனை நட்சத்திர ஹோட்டல் என்பதைவிட எனக்கு இது முக்கியம்.

அடுத்தது காற்று. "பகல் வெப்பநிலை 22 டிகிரி" என்பது நிழலில் அளந்த எண். காற்றில்லாத வெயிலில் அந்த 22 சுகமாக இருக்கும். ஈர உடம்போடு காற்றில் நின்றால் பல் கிட்டிக்கும். ஹுர்காடா இருக்கும் வடக்குச் செங்கடல் கரையில் வடக்குக் காற்று வருடம் முழுக்க வீசுகிறது. காற்றுச் சறுக்கு (விண்ட்சர்ஃபிங்) விளையாட்டுக்குப் பேர்போன கடற்கரை என்று விளம்பரத்தில் இருந்தால், படுத்து வெயில் காய்கிறவருக்கு அது எச்சரிக்கை. டெனெரிஃபில் எல் மெடானோ அப்படிப்பட்ட இடம். அதே தீவில் 3,715 மீட்டர் உயர டெய்டே மலை வடகிழக்குக் காற்றைத் தடுப்பதால் மேகமெல்லாம் வடக்குக் கரையில் தேங்கிவிடுகிறது. தெற்கே லாஸ் கிறிஸ்டியானோஸ் பக்கம் வெயில் அடிக்கும்போது வடக்கே புவெர்ட்டோ டி லா குரூஸ் மூட்டமாக இருப்பது சாதாரணம். வடக்கில் அறை மலிவாகக் கிடைத்தால் ஏன் என்று இப்போது புரியும்.

மழைக்கும் இப்படித்தான், நாட்டின் பெயரை மட்டும் பார்த்தால் போதாது. டிசம்பரில் இலங்கையின் தெற்கு, மேற்குக் கரைகள் நன்றாக இருக்கும். கிழக்கே திருகோணமலை, பாசிக்குடா பக்கம் வடகிழக்குப் பருவமழை. தாய்லாந்தில் நவம்பரில் புகெட் தெளிய ஆரம்பிக்கும்போது கோ சமுய் தீவில் மழை உச்சத்தில் இருக்கும்.

இனி குளம். புகார்களில் பாதிக்கு மேல் இங்கேதான் வந்து நிற்கும் என்பது என் எண்ணம். உட்கார்ந்து விளையாடிக் குளிக்க 26 முதல் 28 டிகிரி தண்ணீர் வேண்டும். இரவில் 10, 12 டிகிரிக்கு இறங்கும் ஊரில் சூடேற்றாத திறந்த குளம் 17, 18-இல் நிற்கும். 25 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், சராசரி 1.4 மீட்டர் ஆழம் என்றால் 350 கன மீட்டர் தண்ணீர். அதை ஒரு டிகிரி சூடாக்கவே ஏறக்குறைய 400 யூனிட் (கிலோவாட்-மணி) வெப்பம் வேண்டும். வெளிக்காற்றின் வெப்பத்தை எடுத்துத் தண்ணீருக்குத் தரும் ஹீட் பம்ப் இருந்தால் மின்சாரம் அதில் நான்கில் ஒன்றோ ஐந்தில் ஒன்றோ ஆகும். வெப்பம் அதிகம் போவது மேற்பரப்பில் ஆவியாகித்தான். ஆகவே இரவில் குளத்தை மூடாத ஹோட்டல், காசைக் கொட்டிச் சூடேற்றினாலும் விடிவதற்குள் இழந்துவிடும். ஆட்கள் குறைந்த வாரத்தில் முதலில் நிறுத்தப்படுவது இந்தச் செலவுதான்.

"சூடேற்றப்பட்ட குளம்" என்று பக்கத்தில் போட்டிருப்பதை அப்படியே நம்பாதீர்கள். பல இடங்களில் குழந்தைகளின் சின்னக் குளம் மட்டும்தான் சூடாக இருக்கும். மின்னஞ்சலில் கேளுங்கள்: எந்தெந்தக் குளம், எத்தனை டிகிரிக்கு, எந்தத் தேதியிலிருந்து எதுவரை, இரவில் மூடுகிறீர்களா. "பிரதானக் குளம், 26 டிகிரி, நவம்பர் முதல் மார்ச் வரை" என்று வந்தால் அது பதில். "வானிலையைப் பொறுத்து" என்று வந்தால் சூடேற்ற மாட்டார்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

கடலை நம்பலாமே என்றால், ஜனவரியில் கேனரித் தீவுகளில் கடல் 19, 20 டிகிரி, சைப்ரஸில் 17, ஹுர்காடாவில் 22, மாலத்தீவில் 28. சிறு குழந்தைகள் நேரம் போவது தெரியாமல் தண்ணீரில் ஆட மாலத்தீவுதான் சரிப்படும்.

குளிர்காலம் ஹோட்டல்களுக்குப் பழுதுபார்க்கும் காலமும்கூட. மத்தியதரைக் கடல் பக்கம் ஹோட்டலின் உணவகங்களில் பல மூடியிருக்கலாம், நீர்ச்சறுக்குகள் ஓடாமல் நிற்கலாம், பக்கத்துக் கட்டடத்தில் இடிக்கும் சத்தம் கேட்கலாம். இதற்கும் எழுத்தில் பதில் வாங்குங்கள். விருந்தினர்கள் போட்ட விமர்சனங்களில் போன டிசம்பர் முதல் பிப்ரவரி வரை எழுதியதை மட்டும் பிரித்துப் படியுங்கள், அவர்கள் எடுத்த படங்களை உற்றுப் பாருங்கள். குளத்தில் ஒருவரும் இல்லாமல் ஓரத்தில் எல்லோரும் ஜாக்கெட்டோடு உட்கார்ந்திருந்தால், அந்த ஒரு படமே போதும். அறை வகையில் "பக்கவாட்டுக் கடல் காட்சி" என்றால் கழுத்தைத் திருப்பிப் பார்க்கும் கடல். "ஹோட்டல் ஒதுக்கும் அறை" என்றால் லிஃப்ட் ஓரமோ சமையலறைப் புகைபோக்கிக்கு மேலோ எதுவும் கிடைக்கலாம்.

பஃபே பற்றி ஒன்று மட்டும். உலக சுகாதார அமைப்பு சொல்வது, சூடான உணவு 60 டிகிரிக்கு மேல், குளிர்ந்தது 5 டிகிரிக்குக் கீழ். ஆவி பறக்காத குழம்பையும் வெளியே நெடுநேரம் இருந்த வெட்டிய பழத்தையும் தொடாதீர்கள். திறந்த அரை மணிக்குள் போய்ச் சாப்பிடுவது நல்லது.

இத்தனையும் பார்த்துப் போயும் குளம் சில்லென்று இருந்தால், முதல் நாளே பேசுங்கள். கடைசி நாள் வரை பொறுத்துப் போய் வீட்டுக்கு வந்து எழுதுகிறவர்களின் புகார் பெரும்பாலும் எடுபடாது. சரிசெய்ய எங்களுக்கு வாய்ப்பே தரவில்லை என்று எதிர்த்தரப்பு சொல்லிவிடும். தண்ணீரின் வெப்பநிலையை அளந்து படம் எடுங்கள். தெர்மாமீட்டரை 30 சென்டிமீட்டர் ஆழத்தில் இரண்டு நிமிடம் பிடியுங்கள். சூடான நீர் உள்ளே வரும் குழாய் வாயருகே வேண்டாம், அங்கே எண் கூடக் காட்டும். காலை, மதியம், மாலை என மூன்று முறை. இடிக்கும் சத்தத்தை வீடியோவாக, அறைக்குள்ளிருந்து, நேரம் தெரியும்படி எடுங்கள். ரிசப்ஷனில் சொன்னதை அன்றே மின்னஞ்சலிலும் எழுதுங்கள்: யாரிடம், எத்தனை மணிக்கு, என்ன கேட்டீர்கள். "எல்லாமே மோசம்" என்று எழுதினால் யாரும் எதையும் சரிசெய்ய மாட்டார்கள். "தெற்குப் பார்த்த அறை வேண்டும்" என்பது போலக் குறிப்பாகக் கேளுங்கள்.

விமானமும் ஹோட்டலும் ஒரே பேக்கேஜாக வாங்கியிருந்தால் பயண ஏற்பாட்டாளருக்கும் அதே நாளில் அனுப்புங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பேக்கேஜ் பயண விதிகளின்படி, ஒப்புக்கொண்ட சேவைக்கு ஏற்பாட்டாளரே பொறுப்பு. குறை இருந்தால் விலைக் குறைப்புக் கேட்கலாம், ஆனால் குறையைத் தாமதிக்காமல் தெரிவித்திருக்க வேண்டும். பிரிட்டனிலும் அதே ஆண்டு இதே மாதிரி விதிகள் வந்தன. எவ்வளவு கேட்பது என்று குழம்புகிறவர்களுக்கு, ஜெர்மனியில் ஃபிராங்க்ஃபர்ட் மாநில நீதிமன்றம் 1985-இல் வெளியிட்ட அட்டவணை ஒரு அளவுகோல். வாக்களித்த குளம் இல்லையென்றால் பயண விலையில் 10 முதல் 20 சதவீதம், பகல் சத்தத்துக்கு 5 முதல் 25, இரவுச் சத்தத்துக்கு 10 முதல் 40. யாரையும் கட்டுப்படுத்தாத வழிகாட்டிதான், ஆனாலும் பேச்சைத் தொடங்க ஒரு எண் கையில் இருக்கும்.

மேகத்துக்கும் மணற்புழுதிக்கும் பணம் கேட்க முடியாது. 2020 பிப்ரவரியில் சஹாராப் புழுதி வந்து கேனரித் தீவுகளின் விமான நிலையங்களையே மூட வைத்தது, அதற்கு எந்த ஹோட்டலும் பொறுப்பாகாது. சூடேற்றுவேன் என்று எழுதிக்கொடுத்துவிட்டுச் சூடேற்றாத குளத்துக்குப் பொறுப்பு உண்டு. கிளம்பும் நாளில் ஒரு பாட்டில் வைனும் அடுத்த தடவைக்குத் தள்ளுபடிச் சீட்டும் நீட்டி "பிரச்சினை தீர்ந்தது" என்று ஒரு தாளில் கையெழுத்துக் கேட்டால், போடாதீர்கள்.